மூன்று வாரம் நிற்காத பாய்லர்

எனக்குச் சந்தேகம் கொஞ்சம் அதிகம். பால் கெட்டியாக இருந்தால்கூடப் பால்காரன் எதை மறைக்கிறான் என்று யோசிக்கிற ஆள். அதனால்தான், எழுபதுகளில் குரோம்பேட்டையில் ஒரு ரப்பர் கம்பெனியில் பாய்லருக்குப் பொறுப்பாக இருந்தபோது, அது மூன்று வாரம் ஒரு தடவைகூட நிற்காமல் ஓடியதும் இதில் ஏதோ வில்லங்கம் என்று எனக்குத் தோன்றியது.

அதற்கு முன்னால் தினம் இரண்டு மூன்று முறை நின்றுகொண்டிருந்தது. எண்ணெயில் எரியும் பாய்லர். பர்னருக்குப் பக்கத்தில் ஒரு குழாயில் ஸ்கேனர் செருகியிருக்கும். நாங்கள் அதைக் ‘கண்ணு’ என்போம். உள்ளே தீ எரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் அதன் வேலை. தீ தெரியாவிட்டால் உடனே எண்ணெயை நிறுத்திவிடும், மணி அலறும். இல்லையென்றால் எரியாத எண்ணெய் உள்ளே கொட்டி, சூட்டில் குப்பென்று பற்றி, கொட்டகையே பறந்துவிடும். எங்கள் கண்ணுக்கோ தீ நன்றாக எரியும்போதே தெரியாமல் போயிற்று. நீராவி நின்றால் அச்சில் இருக்கிற ரப்பர் அரைவேக்காடாகி வீண். மானேஜர் என்னைக் கூப்பிட்டுக் கத்துவார். நான் போய் பாயிடம் கத்துவேன்.

பாய்தான் ஆபரேட்டர். கோவிலம்பாக்கத்திலிருந்து சைக்கிளில் வருவார். நாற்பது தாண்டியவர், மூன்று பெண்களுக்குத் தகப்பன், இரண்டு வருடமாக டெம்பரரி. அந்த மாதக் கடைசியில் பெர்மனென்ட் ஆக்குவதாகப் பேச்சு.

“கண்ணாடி கருத்துப் பூடுது சார். காலைல தொடச்சா மத்தியானத்துக்குள்ள புகை அப்பிக்கினு கீது. இன்னா கோளாறுன்னு நீங்களே வந்து பாருங்க” என்றார்.

நான் பார்க்கவில்லை. பீடி பிடிக்கப் போவதற்காக அவரே எதையோ செய்து நிறுத்துகிறார் என்பது என் முடிவு. “கதை விடாதீங்க பாய். இன்னொரு வாட்டி நின்னுச்சுன்னா பெர்மனென்ட்டை மறந்துடுங்க” என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாளிலிருந்து பாய்லர் நிற்கவே இல்லை. மானேஜர் என் தோளில் தட்டினார். பார்த்தீர்களா, ஒரு அதட்டலில் சரியாகிவிட்டது என்று முதல் வாரம் எனக்கு ஒரே பெருமை. இரண்டாவது வாரம் உறுத்த ஆரம்பித்தது. பாய் டீக்குப் போவதையே விட்டுவிட்டார். சாப்பாட்டை பர்னர் முன்னாலேயே உட்கார்ந்து பிரித்து, ஒவ்வொரு வாய்க்கும் ஒரு தடவை குனிந்து, தீ பார்க்கிற துளைக்குள் எட்டிப் பார்த்தார். நான் கிட்டே போனால் எழுந்து குறுக்கே நின்றார். இந்த மனுஷன் ஏன் திடீரென்று இவ்வளவு நல்லவனாகிவிட்டான்? எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

மூன்றாவது வாரக் கடைசியில் ஒரு காலை, “தள்ளுங்க பாய்” என்று நேராகப் போய் எண்ணெய் வால்வை என் கையாலேயே மூடினேன்.

“வேணாம் சார்!” என்று கையைப் பிடித்தார்.

துளை வழியாகப் பார்த்தேன். தீ அணைந்துவிட்டது, செங்கல் மட்டும் சிவந்து கிடந்தது. மணி அலற வேண்டும். ஐந்து எண்ணினேன், பத்து எண்ணினேன். சத்தமே இல்லை. கண்ட்ரோல் பெட்டியில், தீ எரிகிறது என்று காட்டும் பச்சை விளக்கு அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது.

பர்னருக்குப் பின்னால் கோணி போட்டு மூடியிருந்தது. இழுத்தேன். ஒரு காலி பவுடர் டப்பா, அதற்குள் எரிகிற ஒரு சின்ன பல்பு, அதைப் பார்த்தபடி டப்பாவுக்குள் செருகின ஸ்கேனர். தினமும் தீ பிடித்ததும் அதைக் குழாயிலிருந்து உருவி டப்பாவுக்குள் சொருகியிருக்கிறார்.

“அடப்பாவி! அத்தனை பேரையும் கொல்லப் பாத்தியே!”

“நான்தான் நாள் பூரா பாத்துகினே கீறேனே சார். பெர்மனென்ட் ஆவுற வரைக்கும்தான். இன்னும் ஒம்போது நாள் சார்...”

நான் டப்பாவோடு மானேஜர் அறைக்குப் போனேன். அன்றைக்கே பாயை அனுப்பிவிட்டார்கள்.

புது ஆபரேட்டர் வந்த அன்றே மத்தியானம் பாய்லர் நின்றது. ஸ்கேனரை உருவினால் கண்ணாடி மை பூசினது போல் இருந்தது. துடைத்துப் போட்டேன். மறுபடியும் கருத்தது. அப்போதுதான் முதல் தடவையாக உட்கார்ந்து ஒழுங்காகப் பார்த்தேன். புகை அண்டாமல் கண்ணாடிமேல் காற்று ஊத ஒரு மெல்லிய குழாய் வரும். அதன் வால்வு மூடியிருந்தது. யாரும் தொடக் கூடாதென்று கைப்பிடியைக் கம்பியால் கட்டியும் இருந்தது. கட்டினது நான்தான். பர்னரைக் கழற்றிச் சுத்தம் செய்த அன்று, பாயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூடிக் கட்டினவன், திறக்க மறந்திருக்கிறேன். கம்பியை அறுத்துப் பையில் போட்டுக்கொண்டு வால்வைத் திறந்தேன். அதற்கப்புறம் கண்ணாடி கருக்கவில்லை.

“என்னய்யா கோளாறு?” என்றார் மானேஜர்.

“காத்துக் குழாய் அடைச்சிருந்தது சார்.”

“அப்ப, போற அன்னிக்கு அந்த பாய் கண்ணாடி கருக்குதுன்னு சொன்னது நெசம்தானா?” பேனாவை மூடி வைத்தார். “டப்பா வெச்சது தப்புதான். ஆனாலும் மூணு வாரம் அசையாம உக்காந்து தீயைப் பாத்திருக்கான். திரும்பக் கூப்பிட்டுக்கலாமா? நீங்க சொன்னா சரி.”

பாய் வந்தால் வால்வில் கட்டின கம்பி எங்கே என்றுதான் முதலில் கேட்பார். அது யார் கட்டினது என்று கொட்டகையில் அவருக்கு மட்டும்தான் தெரியும்.

“இப்படி ஏமாத்துன ஆளை எப்படி சார் நம்புறது?” என்றேன்.

“அதுவும் சரிதான்” என்று சொல்லிவிட்டு மானேஜர் அடுத்த காகிதத்தை எடுத்தார்.