கிள்ளை சுவிட்சடி மறியல்

சாமிக்கண்ணு கடலில் வாந்தி எடுக்கிற மீனவர். கடலூருக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் பிறந்து, படகேறிய முதல் வாரமே இவன் உதவமாட்டான் என்று கரையில் இறக்கிவிடப்பட்டவர். ஆனால் உயரம் என்றால் பயமே கிடையாது. அப்பா அவரைக் கொண்டுபோய் ஒரு மின் ஒப்பந்தக்காரரிடம் விட்டார். அன்றைக்குக் கம்பம் ஏறியவர் ஐம்பதைத் தாண்டியும் சிதம்பரம் வட்டாரத்தில் ஏறிக்கொண்டிருக்கிறார். இன்னும் ஒப்பந்தத் தொழிலாளிதான். நிரந்தரம் கேட்டுப் போராடும் சங்கத்தில் கிளைச் செயலாளர்.

புயல் வந்து போனது. பரங்கிப்பேட்டையிலிருந்து கிள்ளை வரை கம்பங்கள் முறிந்தும் சாய்ந்தும் கிடந்தன. உள்ளூர் ஆட்கள் பெல்ட்டும் கயிறுமாகத் தயாராக நின்றபோது, வேலையை எடுத்த ஒப்பந்தக்காரர் தருமபுரி பக்கமிருந்து இரண்டு லாரியில் ஆள் இறக்கினார். ஊர் ஊராகப் போய் வேலை முடித்துவிட்டுக் கிளம்புகிற கூட்டம். சங்கம் கிடையாது, பி.எஃப். கிடையாது. பாதிப் பேர் தலையில் ஹெல்மெட் கிடையாது. குறைந்த கூலிக்கு ஏறுவார்கள், கேள்வி கேட்கமாட்டார்கள்.

சங்கத்துக்கு இது வெறும் நாலு நாள் கூலி விவகாரமில்லை. ஒவ்வொரு புயலிலும் இந்தக் கரையை நிமிர்த்தியது நாங்கள்தான் என்பதுதான் நிரந்தரம் கேட்க அவர்களிடமிருந்த ஒரே பலம். வெளியாள் வந்து அதையும் செய்துவிட்டால் பேசுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

அதனால் சிதம்பரத்தில் கூட்டம் போட்டார்கள். சாமிக்கண்ணுவே எழுந்து தீர்மானத்தைச் சொன்னார். "அவுங்களுக்கு வழி காட்டாத. கயிறு குடுக்காத. சுவிட்ச்ல போய் நிக்காத. நம்ம ஒத்துழைப்பு இல்லாம ஒரு கம்பம் நடட்டும், பாக்கலாம்."

எல்லாரும் கை தூக்கினார்கள். அறிவுமதி ரெண்டு கையையும் தூக்கினான். சாமிக்கண்ணுவின் அக்கா மகன், கிளையின் பொருளாளர், கோபக்காரன்.

சுவிட்சில் நிற்பது என்றால் என்ன என்று சொல்லியாக வேண்டும். லைன் பிரிகிற இடத்தில் ஒரு கம்பத்தின் உச்சியில் சுவிட்ச் இருக்கும், அடியில் அதன் கைப்பிடி இருக்கும். ஒரு பக்கம் தள்ளினால் அதற்கு அப்பால் கரண்ட் நிற்கும். மறுபக்கம் தள்ளினால் ஓடும். அப்பால் ஆள் ஏறியிருக்கும்போது கைப்பிடியருகே ஒருத்தர் நிற்பார். இந்த வட்டாரத்து வழக்கம், ஏறியவன் இறங்கி வந்து, சுவிட்சில் நிற்பவன் முகத்துக்கு நேராக "எல்லாரும் எறங்கிட்டோம்" என்று தன் வாயால் சொல்லவேண்டும். அவன் அண்ணன் வந்து சொன்னாலும் செல்லாது. அதுவரைக்கும் கைப்பிடியை எவனும் தொடக்கூடாது.

தீர்மானம் போட்ட மறுநாள் பிற்பகல், ஆர்ப்பாட்டத்துக்கு ஆள் திரட்ட சாமிக்கண்ணு வண்டியில் கிள்ளைப் பக்கம் போனார். கொடியைச் சுருட்டிப் பின்னால் கட்டியிருந்தார். முக்கூட்டில் இருந்த சுவிட்ச் கம்பத்தடியில் ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசர் மணிவண்ணன் நின்றுகொண்டிருந்தார். ஒரு கை கைப்பிடிமேல். கண் வாட்ச்மேல்.

சாமிக்கண்ணு வண்டியை நிறுத்தினார்.

"இன்னா சார், வாட்ச்சு ஓடுதா?"

"உங்களுக்கு என்னங்க வேணும்? உங்காளுங்கதான் நிக்கமாட்டேன்னுட்டாங்களே."

"ஏறுனவங்க எங்க?"

"வாய்க்காலுக்கு அந்தாண்ட. மூணு மணிக்குள்ள முடிச்சிடுவாங்க. மூணுக்கு நான் கரண்ட் விடுறதா பேச்சு."

"வந்து சொன்னாங்களா?"

"டவர் இல்ல, போன் எடுக்கல. அதுக்குத்தான டைம் பேசிக்கிட்டோம்? எல்லா ஊர்லயும் இப்பிடித்தாங்க செய்யுறோம்."

"அங்க எர்த் ராடு மாட்டியிருக்கா?"

"ஒண்ணுதாங்க இருக்கு. அது இன்னொரு செட்டுகிட்ட போயிருக்கு."

தவறிக் கரண்ட் வந்தாலும் அதை மண்ணுக்குள் இறக்கிவிடுகிற எர்த் ராடும் அங்கே இல்லை. சாமிக்கண்ணு வண்டிச் சக்கரத்துக்குப் போடுகிற சங்கிலியை எடுத்துக் கைப்பிடியைக் கம்பத்தோடு சேர்த்துச் சுற்றினார். பூட்டினார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கம்பத்தடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"யோவ், இது ரவுடித்தனம்!" என்று மணிவண்ணன் கத்தினார்.

கத்தலுக்குக் கூட்டம் சேர்ந்தது. புயலுக்குப் பிறகு அங்கே யார் வீட்டிலும் விளக்கு எரியவில்லை, மோட்டார் ஓடவில்லை. மூன்று மணிக்குக் கரண்ட் வருமென்று மணிவண்ணன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். மாவு மில் நடத்துகிற மங்கலம் முன்னால் வந்தாள்.

"ஏன்யா, ஒனக்கு வேலை குடுக்கலன்னா எங்க வயித்துலயா அடிப்ப? குடிக்கத் தண்ணி இல்லாம கெடக்குறோம்!"

"வரும்மா. ஆளு எறங்கினதும் வரும்."

"எறங்கியிருப்பாங்கய்யா! மூணு அடிச்சிருச்சி!"

"இருப்பாங்கன்னு நீ சொல்ற. அவன் வந்து சொல்லட்டும்."

அந்த நேரம் பார்த்து அறிவுமதி வந்து சேர்ந்தான். செயலாளர் சுவிட்சடியில் காவல் இருப்பதைப் பார்த்தான். முகம் சிவந்துபோனது.

"மாமா, சுவிட்ச்ல நிக்கக்கூடாதுன்னு தீர்மானம் போட்டது யாரு?"

"நான்தான்."

"இப்ப ஒடைக்கிறது யாரு?"

"நான்தான்டா. அதுவும் நிக்கல, உக்காந்திருக்கேன். அந்தக் கொடியை எடுத்து இங்க நடு. யாராவது கேட்டா மறியல்னு சொல்லு."

கூட்டத்தில் ரெண்டு பேர் சிரித்தார்கள். அறிவுமதி சிரிக்கவில்லை.

"வெளியாளுக்குக் காவல் காக்கறதுக்குப் பேரு மறியலா? நாளைக்கி எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு நாம வேலை கேப்போம்?"

"திட்டறதை அப்பறம் திட்டு. வண்டிய எடுத்துக்கிட்டு வாய்க்கால்கரைக்குப் போ. மேல யாரும் இல்லன்னா அவுங்க மேஸ்திரிய வந்து சொல்லச் சொல்லு, நான் தொறக்கறேன். எவனாவது இருந்தாலும் மேஸ்திரியக் கூட்டிக்கிட்டு வா."

அறிவுமதி வண்டியை உதைத்த உதையில் கோபம் தெரிந்தது.

சாமிக்கண்ணு அசையாமல் உட்கார்ந்திருந்தார். மங்கலம் ஏசினாள், மணிவண்ணன் ஒப்பந்தக்காரர் பெயரைச் சொல்லி மிரட்டினார், ஒருத்தன் கல்லை எடுத்து, பூட்டை உடைக்கட்டுமா என்றான். "ஒட. ஒடச்சிட்டு ஒன் கையாலயே அந்தக் கைப்பிடியத் தள்ளு. மேல ஒருத்தன் இருந்தான்னா கொன்னது நீதான்" என்றார் சாமிக்கண்ணு. அவன் கல்லைக் கீழே போட்டான்.

அறிவுமதி திரும்பி வந்தபோது பின்சீட்டில் ஒருத்தன் இருந்தான். இடுப்புவரை சேறு, தோளில் கயிறு. மேஸ்திரி வினோத்குமார். அறிவுமதியின் முகத்தில் இப்போது கோபம் இல்லை.

"மாமா, ரெண்டு பேரு மேல இருக்கானுங்க. கம்பியக் கையில புடிச்சிக்கிட்டு இருக்கானுங்க."

மணிவண்ணன் கைப்பிடியிலிருந்து நாலடி தள்ளிப் போய் நின்றார்.

வினோத்குமார் சங்கிலியைப் பார்த்தான். மணிவண்ணனின் வாட்ச்சைப் பார்த்தான். மெல்லச் சொன்னான். "கம்பம் சேத்துல எறங்கிருச்சுங்கண்ணா. சாயாம இருக்கத் திரும்ப ஸ்டே கம்பி இழுத்துக் கட்டவேண்டியதாப் போச்சு. நேரம் கேக்கலாம்னா போன் போகல."

"அதனாலதான்டா கடியாரத்தை நம்பக்கூடாது."

"உங்க ஆளுங்க நின்னிருந்தா நாங்க ஏன் கடியாரத்தை நம்பப்போறோம்?" வினோத்குமாருக்கும் ரோஷம் வந்தது. "எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊரு சங்கம் எங்களை வெளிய போன்னுதான் சொல்லுது. உள்ள வான்னு ஒருத்தர் சொல்லலைங்க."

"நானும் அதான் சொல்றேன். வெளிய போ. ஆனா கால்ல நடந்து போ. உன்னைத் துணியில சுத்தி அனுப்புறதுக்கு நான் சங்கம் நடத்தல."

வினோத்குமார் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போனான். வேலை முடிய இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவன் தன் ஆட்கள் அத்தனை பேரையும் அழைத்துக்கொண்டு வந்து வரிசையாக நின்று, "எல்லாரும் எறங்கிட்டோம்" என்றான். சாமிக்கண்ணு ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டுப் பூட்டைத் திறந்தார். தெருவிளக்குகள் பகலிலேயே எரிந்தன.

"இதை மூணு மணிக்கே செஞ்சிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு மங்கலம் மில்லுக்கு நடந்தாள்.

மறுநாள் காலை தருமபுரி ஆட்கள் லாரியைவிட்டு இறங்கவில்லை. சுவிட்சுக்கு ஒரு உள்ளூர் ஆள் நிற்காமல் ஏறமாட்டோம் என்றார்கள். அவர்களுக்குச் சங்கமும் இல்லை, தீர்மானமும் இல்லை, ஆனாலும் ஒருத்தன்கூட ஏறவில்லை. ஒப்பந்தக்காரர் மதியம்வரை போனில் கத்திப் பார்த்தார். பிறகு ஒத்துக்கொண்டார். எல்லாச் சுவிட்சிலும் சிதம்பரத்து ஆட்கள். அப்படி நிற்பதற்குச் சங்கம் கேட்டபடி, வாய்க்காலுக்குக் கிழக்கே கம்பம் நடும் வேலையும் சிதம்பரத்து ஆட்களுக்கே.

அந்த வாரம் கிளைக் கூட்டம் கூடியது. சாமிக்கண்ணுவுக்கு மாலை போடலாமா என்று சிலர் கேட்டார்கள். அறிவுமதி எழுந்து, தீர்மானத்தை மீறியதற்காகச் செயலாளரைக் கண்டிக்கவேண்டும் என்றான். ஒரே கூச்சல்.

"உக்காருங்கய்யா" என்றார் சாமிக்கண்ணு. "அவன் சொல்றது சரி. ஜெயிச்சது வேற, கட்டுப்பாடு வேற. நாளைக்கி ஒருத்தன் தன் மச்சானுக்காகத் தீர்மானத்தை ஒடைப்பான், என் பேரைச் சொல்லித் தப்பிச்சிக்குவான்." தன்மேல் வந்த கண்டனத்துக்குத் தானே முதலில் கை தூக்கினார். அது நிறைவேறியது.

அடுத்து அவரே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். இனி எந்தப் போராட்டத்திலும் சுவிட்சைவிட்டு ஆள் விலகக்கூடாது. அதுவும் நிறைவேறியது, அறிவுமதியின் கையோடு சேர்த்து.

மூன்றாவதாக ஒன்று கொண்டுவந்தார். ஊர் ஊராகப் போகிற ஆட்களுக்கும் சங்கத்தில் உறுப்பினர் அட்டை தரவேண்டும் என்று.

"நம்ம சோத்துல கை வெக்கிறவனுக்கு நம்ம கார்டா?" அறிவுமதி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். பாதிப்பேர் அவன் பக்கம் எழுந்தார்கள். கை எண்ணினார்கள். சாமிக்கண்ணு தோற்றார்.

"அடுத்த கூட்டத்துலயும் கொண்டாருவேன்" என்றார்.

"அதுலயும் தோப்ப, மாமா."

"தோக்குறேன். அதுக்கடுத்த கூட்டம்னு ஒண்ணு இருக்குல்ல?"