கோட்டுப் போட்ட ஜெயசுதா

ஜெயசுதாவுக்கு அந்த வருஷம் ஒரு வியாதி வந்தது. தன் பேரைத் தானே தேடிப் பார்க்கிற வியாதி. காலையில் மாட்டுக்குத் தண்ணி காட்டி முடித்ததும் போனை எடுத்துக்கொண்டு ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்குப் போய்விடுவாள். அங்கேதான் சிக்னல் நிற்கும். தொட்டிப் படியில் உட்கார்ந்து, தன் பேரையும் ஆலங்காயத்தையும் சேர்த்து அடித்துத் தேடுவாள். பார்க்கிறவர்கள் காதல் கத்தரிக்காய் என்று நினைத்துக்கொண்டார்கள். அட, காதலாக இருந்தால்கூடத் தேவலையே! தேடினால் முதலில் வந்து நிற்பது ஒரு வீடியோ. அதில் ஒரு மனுஷன் மாடு முட்டிச் சாகிறான். அந்த வீடியோவை எடுத்தவள் அவள்தான்.

ஆலங்காயத்திலிருந்து காவலூர் போகிற சாலை மலையேறத் தொடங்கும் இடத்தில் இருந்தது அவள் வீடு. நைனா ராஜாக்கண்ணு விவசாயி. கேழ்வரகும் நிலக்கடலையும் விளைகிற காடு கொஞ்சம், வேங்கை என்று ஒரு ஓட்டக் காளை. மகள் வாணியம்பாடிக்கு பஸ்ஸில் போய் பி.காம். படித்தாள். கணக்கில் புலி. வீட்டுக் கடன் கொடுக்கிற கம்பெனி எதிலாவது உட்கார்ந்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை. ஆசை என்ன ஆசை, வெறி.

கல்லூரிக் காலத்தில் விளையாட்டாக ஒரு காரியம் செய்திருந்தாள். வேங்கைக்கு இன்ஸ்டாகிராமில் 'மலையடி வேங்கை' என்று ஒரு பக்கம் திறந்தாள். அந்த வட்டாரத்து ஊர்களில் தை, மாசி வந்தால், காளைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து ஓடவிடுகிற எருது விடும் திருவிழாதானே பேச்சு! காளை குளிப்பதைப் போட்டாள், கொள்ளு தின்பதைப் போட்டாள், கொம்புக்குச் சாயம் பூசுவதைப் போட்டாள். ஆயிரக்கணக்கில் ஆள் சேர்ந்தது. பக்கத்தின் உச்சியில் பெருமையாகத் தன் பேரையும் போன் நம்பரையும் எழுதி வைத்தாள். பின்னால் அதுவே காலைச் சுற்றும் என்று யாருக்குத் தெரியும்?

வேங்கையைப் பழக்கியவன் பூபாலன். அடுத்த வீட்டு முத்தம்மாவின் ஒரே மகன். ஜெயசுதாவுக்கு அண்ணன் முறை. ஓடி முடித்த காளையைக் கடைசியில் மறித்துப் பிடிப்பது அவன் வேலை. போன மாசியில் மலையடிவாரத்து ஊர் ஒன்றில் அப்படித்தான் பிடித்தான். வேங்கையை ஓரமாகக் கட்டிவிட்டு, கயிற்றை உதறிக்கொண்டு பாதையோரம் நின்றான். ஜெயசுதா போனைத் தூக்கிப் பிடித்து, "அண்ணா, இங்க பாரு!" என்று கூப்பிட்டாள். அவன் திரும்பினான். வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான். "இன்னா சுதா, என்னியே எடுத்துகினு கீற? மாட்ட எடு, மாட்ட!" என்றான். அதற்குள் அடுத்த மாட்டை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். அவன் முதுகு அதற்கு நேராக இருந்தது.

வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், ஜீப்பில் உட்கார்ந்து அழுதுகொண்டே வீடியோவைப் போட்டாள். 'அண்ணனுக்கு அடிபட்டிருக்கிறது, எல்லாரும் வேண்டிக்கொள்ளுங்கள்' என்று எழுதினாள். புத்தி அப்போது அவ்வளவுதான் வேலை செய்தது. பாதி வழியிலேயே அவன் உயிர் போய்விட்டது. இறங்கும்போது அந்த வீடியோவை ஒரு ஊரே பார்த்திருந்தது. மறுநாள் பல ஊர்.

காரியம் முடிந்த கையோடு அதை எடுத்துவிடலாம் என்றுதான் இருந்தாள். முத்தம்மா விடவில்லை. பூபாலனின் போட்டோ வீட்டில் மாலை போட்டுத் தொங்கியது. ஆனால் அவன் பேசுவது, சிரிப்பது வேறு எதிலும் இல்லை. முத்தம்மாவிடம் போனும் இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாடு திரும்பியதும் தொட்டிக்கு வந்துவிடுவாள். "போடு சுதா, எம்புள்ளய பாக்கணும்" என்பாள். ஜெயசுதா போடுவாள். ஓரத்தில் கொம்பு தெரிவதற்குள் கட்டைவிரலால் நிறுத்திவிடுவாள். திரும்பவும் முதலிலிருந்து. "அண்ணா, இங்க பாரு!" என்று அவள் குரல்தான் முதலில் கேட்கும். ஒவ்வொரு தடவையும் அதைக் கேட்கும்போது ஜெயசுதாவுக்கு ஒரே நினைப்புதான். கூப்பிடாமல் இருந்திருந்தால்? முத்தம்மாவோ மகனை மட்டும் பார்ப்பாள், முந்தானையில் கண்ணைத் துடைப்பாள், போய்விடுவாள். அந்தக் குரலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

வேலூரில் ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூ போனாள். வட்டிக் கணக்கு, தேய்மானம் எல்லாம் கேட்டார்கள், டாண் டாண் என்று சொன்னாள். கடைசியில் கண்ணாடி போட்ட ஒருவர் தன் போனை அவள் பக்கம் திருப்பினார்.

"இந்தப் பக்கம் உங்களுதாம்மா?"

"ஆமா சார்."

"கூப்பிடுறது உங்க குரலா?"

தலையை மட்டும் ஆட்டினாள். "சரிம்மா, சொல்லி அனுப்புறோம்" என்றார். சொல்லியும் அனுப்பவில்லை, கில்லியும் அனுப்பவில்லை. அன்றைக்குப் பிடித்ததுதான் அந்தத் தேடுகிற வியாதி.

கூடப் படித்த தமிழரசி வேலூரில் கடன் பிரிவு ஒன்றில் வேலை பார்த்தாள். போனில் பிடித்து ஏறு ஏறென்று ஏறினாள்.

"அடிப்பாவி, இன்னும் அத வச்சிகினு கீறியா? இப்பல்லாம் பயோடேட்டாவ எவன்டி பாக்கிறான்? பேரத்தான் தேடிப் பாக்கிறான். மொத்தமா தூக்குடி! கோட்டு போட்டு ஒரு போட்டோ எடு. வேலைக்குன்னு தனியா பக்கம் கீது, அதுல போடு. பட்ஜெட்டு, வட்டி, பேங்க்குன்னு வாரம் ரெண்டு எழுது. உன் பேர தட்டுனா அதான் வரணும்."

"முத்தம்மா பெரிம்மா பாக்குமேடி."

"காப்பி எடுத்து வச்சிக்கோ. யார் வேணாங்கிறா?"

ஆலங்காயம் ஸ்டுடியோவில் போட்டோ எடுத்துக்கொண்டாள். கோட்டு ஏது? சுடிதாரில் உட்கார வைத்து எடுத்து, கம்ப்யூட்டரில் ஒரு கறுப்புக் கோட்டை மாட்டிவிட்டார்கள். தோள்பட்டை மட்டும் யாரோ ஆம்பளையுடையது. நைனா பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, வக்கீலுக்கா படிச்ச?" என்று சிரித்தார்.

பிறகு தொட்டிப் படியில் உட்கார்ந்து அந்தக் காரியத்தைச் செய்தாள். வீடியோவின் கீழே இருந்த குறியை அழுத்தி நைனாவின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினாள். அங்கே போய் நின்றது. சிரித்த முகத்தோடு பூபாலன், சின்னப் படமாக. போய்ச் சேர்ந்துவிட்டது என்று மனசு திருப்திப்பட்டது. போனில் இடம் இல்லாமல் முதலில் எடுத்ததை எப்போதோ அழித்திருந்தாள். அதைப் பற்றி அப்போது நினைக்கவே இல்லை. பக்கத்தையும் மொத்தமாக அழித்தாள். நிஜத்தைச் சொல்வதென்றால், முத்தம்மாவைப் பற்றிய கவலையைவிட, தன் குரல் உலகத்திலிருந்து போய்விட்டதே என்ற நிம்மதிதான் பெரிதாக இருந்தது. அன்றைக்கு இரண்டு தட்டு சோறு தின்றாள்.

முத்தம்மா அப்போது ஊரில் இல்லை. நெல்லிவாசல்நாட்டில் கட்டிக்கொடுத்த மகள் நதியாவுக்குப் பிரசவம். மலைக்குப் போனவள் ஒரு மாசத்துக்கு மேல் திரும்பவில்லை.

வாணியம்பாடியில் அடுத்த இன்டர்வியூ வந்தது. சமூக வலைத்தளம் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்று பஸ்ஸில் உருப்போட்டுக்கொண்டே போனாள். புதுப் பக்கத்தில் பட்ஜெட்டைப் பற்றி எழுதியதை எல்லாம் மனப்பாடம் செய்திருந்தாள். மேலாளர் ஒரு அம்மா. சான்றிதழைப் புரட்டினார், நிமிர்ந்தார்.

"ஸ்கூட்டி ஓட்டுவியாம்மா?"

"ஓட்டுவேன் மேடம்."

"மலைப் பாதையில? வீடு வீடா போய்ப் பாக்கணும்."

"நான் மலைக்காரிதான் மேடம்."

"ஒண்ணாந்தேதி வந்துடு."

அவ்வளவுதான்! பேரைத் தேடவில்லை, போட்டோவைப் பார்க்கவில்லை. கோட்டு எங்கே என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஜெயசுதா வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் நின்றபோது சந்தோஷத்தோடு சேர்ந்து ஏதோ ஒரு எரிச்சலும் வந்தது. எதற்கு அழித்தோம் என்று முதல் தடவையாகத் தோன்றியது.

வீட்டுக்குப் போனதும் நைனா போனை வாங்கி, பூபாலனின் சின்னப் படத்தைத் தொட்டாள். சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. தொட்டிக்கு ஓடிப்போய்த் தொட்டாள். 'இந்தப் பக்கம் இல்லை' என்று வந்தது. அடுத்த பஸ்ஸில் ஆலங்காயத்துக்கு ஓடினாள். செல்போன் கடைக் குமரேசன் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"நீ அனுப்புனது வீடியோவுக்குப் போற வழிதான்க்கா, வீடியோ இல்ல. வூட்டையே இடிச்சிட்டு வழிய வச்சிகினு இன்னா பண்றது? ஒரு மாசத்துக்குள்ள வந்திருந்தா திரும்ப எடுத்திருக்கலாம்."

மற்றவர்கள் எடுத்துப் போட்டிருப்பார்களே என்று தேடினாள். இருந்தன, ஏகமாக இருந்தன. ஆனால் எல்லாமே கொம்பு தெரிகிற இடத்திலிருந்து தொடங்கின. சிரிப்பை வெட்டி எறிந்துவிட்டுச் சாவை மட்டும் வைத்துக்கொண்டிருந்தார்கள். பாட்டு வேறு போட்டிருந்தார்கள், படுபாவிகள். அவள் கடை வாசலில் நின்று வாய்விட்டு அழுதாள்.

அந்த வெள்ளிக்கிழமை முத்தம்மா ஊர் திரும்பி, தொட்டிக்கு வந்துவிட்டாள். கையில் மகள் கொடுத்தனுப்பிய சாமைப் பொட்டலம்.

"வேல கெடச்சிடுச்சாமே கண்ணு! நல்லா இரு. நதியாவுக்குப் பையன். மாமனாட்டமே சிரிக்கிறான்னு எல்லாரும் சொல்றாங்க. ஒரு தபா போடு, ஒத்துப் பாக்கிறேன்."

ஜெயசுதா போனை எடுத்தாள். "சிக்னல் இல்ல பெரிம்மா" என்றாள்.

முத்தம்மா குனிந்து பார்த்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது. ஆனால் மேலே உள்ள கோடுகளைப் பார்க்க ஜெயசுதாவே கற்றுக்கொடுத்திருந்தாள்.

"நாலு கோடும் நிக்குதேம்மா."

அதற்கு மேல் பொய் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். வேலூரில் கேட்டது, தமிழரசி சொன்னது, அழித்தது, வழி மட்டும் மிஞ்சியது. முத்தம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். அழவில்லை.

"அப்ப மாடு முட்டுறது?"

"அது கீது பெரிம்மா. எல்லார் கிட்டயும் கீது."

"அத அழிக்க முடியாதா?"

"முடியாது பெரிம்மா."

முத்தம்மா போனைக் கையால் ஒதுக்கினாள்.

"நீ கூப்ட்டதாலதான் திரும்புனான்னு எனக்குத் தெரியாதா சுதா? வாரா வாரம் என் காதால கேட்டவதானே? ஒரு நாளு ஒரு வார்த்த கேட்டிருப்பேனா உன்ன? சின்னப் பொண்ணு, நொந்துபோவாளேன்னு முழுங்கிகினுதானே இருந்தேன். நீ எம்புள்ள சிரிச்சத அழிச்சிட்டியேம்மா."

"பெரிம்மா..." என்று காலைப் பிடிக்கப் போனாள். முத்தம்மா எழுந்துவிட்டாள். சாமைப் பொட்டலத்தைப் படியிலேயே வைத்தாள். "வேலைக்குப் போறவ, நல்லா சாப்டு" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

ஜெயசுதா ஒண்ணாந்தேதியிலிருந்து வேலைக்குப் போகிறாள். கம்பெனி ஸ்கூட்டியில் மலை ஊர்களுக்கெல்லாம் ஏறி இறங்குகிறாள். நல்ல பேர் எடுத்துவிட்டாள் என்கிறார்கள். அவள் பேரைத் தேடினால் இப்போது கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு பெண்தான் வருகிறாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கே இருந்தாலும் வேலையை முடித்துக்கொண்டு தொட்டிக்கு வந்து உட்காருகிறாள். முத்தம்மா அந்தப் பக்கம் வருவதில்லை.