நெப்டியூன் ஏன் கை கொடுக்கவில்லை

இங்கிலாந்தின் எங்கள் கார்ன்வால் கடற்கரையில் யார் செத்தாலும் அடக்கத்தன்று கோயில் குமாஸ்தா ஒரு பாட்டு வாசிக்க வேண்டும். தலை நரைக்கும்வரை குமாஸ்தாவாக இருந்து அதை எழுதியவர் செபனியா ஹாஸ்கன். அவர் பாட்டில் மீனுக்கு மீன் என்று பேர் கிடையாது, 'செதில் குலத்தார்'. கடலில் செத்தவனை நெப்டியூன் என்ற கடல்தெய்வம் தன் மாளிகைக்கு அழைத்துக்கொள்ளும். வரிகள் இரண்டிரண்டாக, பள்ளிப் பிள்ளைகள் கைகோத்துப் போவதுபோல் போகும். பாதிரியாருக்கு அதுதான் கவிதை. எங்களுக்குப் பாதி விளங்காது; விளங்காததற்குத்தானே மரியாதை அதிகம்!

ஜோரி பாஸ்கோ மத்தி மீன் வலையோடு மூழ்கிச் செத்தான். உடல் கரை ஒதுங்கியதும் அவன் மனைவி லவ்டே, பாட்டை முன்கூட்டியே கேட்க வேண்டுமென்று குமாஸ்தா வீட்டுக்கு வந்தாள். செபனியா வாசித்துக் காட்டினார்.

"யாருங்கய்யா அந்த நெப்டியூன்?"

"கடலுக்கே ராசாம்மா."

"அப்ப பக்கத்துலதான் இருந்திருக்காரு. ஒரு கை குடுத்திருக்கலாம்ல?"

அவள் குத்திப் பேசவில்லை, நிஜமாகவே கேட்டாள். அதுதான் அவரைச் சுட்டது. ஜோரி எப்படிப்பட்டவன் என்று விசாரித்தார்.

"கதவ இன்னும் தாழ் போடலைங்கய்யா. அவரு வந்தா தட்டமாட்டாரு. புள்ள முழிச்சுக்கும்னு."

செபனியா அவள் சொன்னதை அப்படியே பாட்டாக எழுதினார். எழுதிய பிறகுதான் பயம் வந்தது. பட்டணத்துப் பையன்கள் சிலர் மாடு மேய்க்கிறவன் பேச்சிலேயே பாட்டு எழுதுகிறார்களாம், அந்த நோய் என் கோயிலுக்குள் வரக்கூடாது என்று பாதிரியார் அப்போதுதான் பிரசங்கம் செய்திருந்தார். வேலை போனால் கோயில் கொடுத்த வீடும் போகும். இந்த வயதில் எங்கே போவது? அடக்கத்தன்று வீட்டைவிட்டுக் கிளம்பினார். பழைய பாட்டு சட்டையின் ஒரு பையில், புதிதாக எழுதியது மறு பையில். கோயிலுக்கு வரும் வழியெல்லாம் இரண்டையும் தடவிக்கொண்டே வந்தார்.

கடைசியில் புதியதைத்தான் எடுத்தார். வாசித்தார். மத்தி என்ற சொல்லை அந்தக் கோயில் பாட்டில் அன்றுதான் கேட்டோம். பிறகு தாழ் போடாத கதவு வந்தது. எங்களில் பலர் கோயில் கதவைத் திரும்பிப் பார்த்தோம். அதுவரை மரம்போல் நின்ற லவ்டே உட்கார்ந்து அழுதாள்.

பாதிரியார் திட்டவில்லை. வாசலில் கையை நீட்டி வீட்டுச் சாவியைக் கேட்டார், அவ்வளவுதான்.

சாவியைக் கொடுத்துவிட்டு வந்தவர் தன் மனைவியின் கல்லறை முன் நின்றார். கல்லில் 'வெண்தோள் வனதேவதை' என்று அவரே எழுதிக்கொடுத்த வரிகள். அவற்றில் ஆக்னஸின் குறட்டை இல்லை, வாய்த்துடுக்கு இல்லை, கருகிய ரொட்டி இல்லை. கல்லைத் தடவிப் பார்த்தார்.

"இதுல நீ எங்கடி இருக்கே?" என்று கேட்டார்.