எவ்வளவு வெட்டுவது

டாக்டர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். பதில் சொன்னது என் வீட்டுக்காரர்.

இடது மார்பில் கட்டி. புற்றுநோய்தான் என்று உறுதியாகிவிட்டது. அந்த மலாய்க்கார டாக்டருக்கு என் மகளைவிடக் கொஞ்சம்தான் வயது கூட இருக்கும். பொறுமையாகப் படம் வரைந்து விளக்கினார். கட்டியையும் சுற்றியுள்ள கொஞ்சம் சதையையும் மட்டும் எடுத்துவிட்டு, பிறகு வாரக்கணக்கில் கதிர் சிகிச்சைக்குப் போகலாம். இல்லையென்றால் மார்பை முழுதாக எடுத்துவிடலாம். என் கட்டி சின்னது, எதைச் செய்தாலும் பிழைக்கிற வாய்ப்பு ஒன்றுதான் என்று மலாயில் இரண்டு முறை சொன்னார்.

"புவாங் செமுவா, டொக்டர்" என்றார் இவர். எல்லாவற்றையும் எடுத்து வீசிவிடுங்கள் என்று. வீசுவதாம்! என்னுடையதை!

யோசித்துச் சொல்கிறோம் என்று நான்தான் எழுந்து வந்தேன். எங்கள் ஊர் பகாவுக்குத் திரும்பும் வழியெல்லாம் காரில் சண்டை. இவர் செம்பனைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர். வேலையாட்களிடம் பேசுகிற அதே குரல்தான் வீட்டிலும்.

"அடி அழுகுன மரத்தப் பாதி வெட்டிட்டு வுடுவோமா? வேரோட தோண்டிடணும் லா."

"நான் என்ன ஒங்க தோட்டத்து மரமா?"

"சரி, தெனமும் கோலாலம்பூருக்கு ஒன்னைய யாரு கூட்டிட்டுப் போறது?"

அப்படி வாருங்கள் வழிக்கு! கதிர் சிகிச்சைக்கு அலைய வேண்டுமே என்பதுதான் விஷயம். பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்றேன். அதற்குப் பிறகு அவர் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டார்.

வீட்டில் நாத்தனார் காத்திருந்தாள். "பேரப்புள்ள எடுத்தாச்சு, இந்த வயசுல அது எதுக்கு அண்ணி?" என்றாள். வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்க அது என்ன இரவல் பாத்திரமா? எனக்கு வேண்டும், அவ்வளவுதான். அதற்குக் காரணம் வேறு சொல்ல வேண்டுமா?

அடுத்த முறை போனபோது இவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். கட்டியை மட்டும் எடுங்கள், கதிர் சிகிச்சைக்கு வருகிறேன் என்றேன். இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அறுவை சிகிச்சை நல்லபடியாகவே முடிந்தது. காயமும் ஆறி வந்தது.

பிறகு பரிசோதனை முடிவைக் கேட்கப் போனோம். எடுத்த சதையின் ஓரம்வரை புற்றுநோய் இருக்கிறது, உள்ளே மிச்சம் இருக்கலாம் என்றார் டாக்டர். இன்னும் கொஞ்சம் வெட்டிப் பார்க்கலாம், அல்லது இப்போது முழுதாக எடுத்துவிடலாம்.

நான் இவர் பக்கம் திரும்பினேன். 'அப்பவே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை வரட்டும், டாக்டர் முன்னாலேயே உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவது என்று இருந்தேன். இவர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"நீ சொல்லு" என்றார் மெதுவாக. "ஒனக்கு எது வேணும்?"

கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷன் என்னிடம் இப்படிக் கேட்டதே இல்லை. எதிர்த்துப் பேசியிருந்தால் வீம்புக்காவது ஒன்றைச் சொல்லியிருப்பேன். கையில் இருந்த பையை அவர் மடியில் வீசினேன்.

"இப்பத்தான் கேக்கத் தோணுச்சா ஒங்களுக்கு? எனக்கே தெரியலயே!"