தெருவுக்கு மேல் சாய்ந்த தென்னை

2024 ஜூன் 10, திங்கட்கிழமை, காலை ஏழு மணி ஐம்பத்திரண்டு நிமிடம். இரவெல்லாம் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. மேற்கிலிருந்து காற்று விட்டு விட்டு அடித்தது. எங்கள் வீட்டுத் தென்னையிலிருந்து முற்றிய தேங்காய் ஒன்று தெருவில் விழுந்தது. தெருவில் என்பது சரியல்ல. அங்கே நிறுத்தியிருந்த ஸ்கூட்டரின் மேல் விழுந்தது. வலப்பக்கக் கண்ணாடியும் முன்விளக்கும் போயின. வண்டியில் ஆள் இல்லை.

ஆள் பிறகு வந்தாள். எதிரே இருக்கும் பெண்கள் ஹாஸ்டலில் தங்கி, கழக்கூட்டம் ஐ.டி. பார்க்கில் வேலை பார்க்கும் திருநெல்வேலிப் பெண். இருபத்தைந்து வயதிருக்கும். நான் கேட்டைத் திறந்ததும் முதலில் சொன்னேன்: "மரத்துக்குக் கீழே வண்டியை நிறுத்தினது யாரு தப்பு?"

"அது ரோடு தாத்தா. உங்க காம்பவுண்டு இல்ல."

"கண்ணாடிக்கு எவ்வளவு? சொல்லு, தாறேன்."

"காசு வேண்டாம். மேல இருக்கத எல்லாம் இறக்குங்க. நாளைக்கு என் தலை அங்க நிக்கும்."

அதைச் சொன்னபோது அவள் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்கு அதிக எரிச்சலாக இருந்தது.

இந்த மரம் மதிலுக்குள் வேரோடி, நாலடி உயரத்திலேயே தெருப்பக்கம் வளைந்து போனது. 2003-ல் பிராவிடண்ட் ஃபண்ட் பணத்தில் இந்த ஆறரை செண்ட் இடத்தையும் வீட்டையும் வாங்கினபோதே அப்படித்தான் இருந்தது. அன்று இந்தத் தெருவில் நாலு வீடு. இன்று பதினொரு வீடு, மூன்று ஹாஸ்டல், இரண்டு அடுக்குமாடி. வந்தவர்கள் மரத்தைப் பார்த்துக்கொண்டேதான் வந்தார்கள். மரம் யார் தலைக்கு மேலேயும் நடந்து போகவில்லை. என் மனைவி இருபத்தோரு வருடத்தில் ஒரு தேங்காய்கூடக் கடையில் வாங்கியதில்லை. அந்தத் தேங்காய்க்காக மட்டும் நான் பிடிவாதம் பிடித்தேன் என்றும் சொல்ல முடியாது. என் இடத்தில் எது நிற்கலாம் என்று தெருவில் போகிறவர்கள் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை.

அந்தப் பெண் மாநகராட்சிக்கு எழுதிப் போட்டாள். ஹாஸ்டலில் இருந்து முப்பத்தியாறு கையெழுத்து. பொதுவழிக்கு ஆபத்தாக நிற்கும் மரத்தை ஏன் வெட்டக் கூடாது என்பதற்குக் காரணம் காட்டும்படி எனக்கு நோட்டீஸ் வந்தது.

காரணம் என்னிடம் இருந்தது. முப்பத்து மூன்று வருடம் கணக்கு எழுதினவன் நான். இருபத்தோரு வருடத்தில் ஆள் ஏறிப் பறித்த தேங்காய் ஆயிரத்து அறுநூற்று நான்கு. தானாக விழுந்தவை அறுபத்து மூன்று. அதில் நாற்பத்தொன்று மதிலுக்குள், இருபத்திரண்டு தெருவில். ஆள்மேல் விழுந்தது பூஜ்யம். இதை ஒரு முழுத்தாளில் பத்தி பிரித்து எழுதி, மாநகராட்சி மண்டல அலுவலகத்தில், மலையாளமும் தமிழும் கலந்து பேசும் பெண் ஓவர்சியரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் கடைசி வரை கேட்டார்.

"சாரே, தேங்காக் கணக்கு ஓகே. ஆளுக் கணக்கு உண்டோ?"

"எந்த ஆள்?"

"அடியில கூடிப் போற ஆளு. இருபத்திரண்டும் விழுந்தப்போ அடியில எத்ர பேர்?"

என்னிடம் அது இல்லை. முப்பத்து மூன்று வருடத்தில் இப்படி ஒரு பத்தியை நான் விட்டதில்லை. நாலு நாள் தவணை கேட்டேன். வீட்டுக்கு வந்து மூன்று நாள், காலை எட்டிலிருந்து ஒன்பதேகால் வரை, கேட்டுக்குப் பின்னால் நாற்காலி போட்டு எண்ணினேன். நாற்பது பேர் போவார்கள் என்று நினைத்திருந்தேன். முதல் நாள் நூற்று எழுபத்தெட்டு. இரண்டாம் நாள் நூற்று எண்பத்தொன்று. மூன்றாம் நாள் மழை, நூற்று அறுபது. அதைவிட மோசமான ஒன்றும் கண்ணில் பட்டது. சாக்கடைக்கு மேல் நான் போட்ட வாசல் ஸ்லாப் தெருவிலேயே உயரமான இடம். மழை பெய்தால் இரண்டு பக்கமும் தண்ணீர் கட்டும். அதனால் கம்பெனி வேனுக்குக் காத்திருப்பவர்கள் எல்லாரும் அந்த ஸ்லாப்பில்தான் நிற்கிறார்கள். ஸ்லாப்புக்கு நேர் மேலே மரத்தின் தலை. பதினேழு பேர், பன்னிரண்டு நிமிடம்.

ஒளிக்காமல் கொண்டுபோய்க் கொடுத்தேன். நான் கூட்டியும் குறைத்தும் எழுதிப் பழகாதவன்.

ஆச்சரியமாக, தீர்ப்பு எனக்குச் சாதகமாகத்தான் வந்தது. மரம் நல்ல மரம், காய்ப்புள்ள மரம். முப்பது நாளுக்கு ஒருமுறை முற்றிய காயையும் காய்ந்த மட்டையையும் இறக்குவேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் மரம் நிற்கலாம். போட்டேன். ஜூன் 27 அன்று ஏறிப் பறித்தாயிற்று. மனைவியிடம் வெற்றி என்று சொன்னேன்.

"என்னத்த வெற்றி? முப்பதாம் நாளு நீங்களா ஏறப் போறீங்க?" என்றாள்.

ஏறுகிறவர் களியக்காவிளைப் பக்கத்துக்காரர். இந்த வட்டாரத்தில் இருநூறு மரத்துக்கு அவர் ஒருவர்தான். ஜூலை 27 அன்று போன் செய்தேன்.

"சாரே, மழைல தடி வழுக்கும். ஏற ஒக்காது."

"கையெழுத்துப் போட்டிருக்கேன்பா."

"சார் போட்ட கையெழுத்துக்கு நான் ஏன் சார் விழணும்?"

அவர் சொன்னதில் தப்பு இல்லை. அவர் உயிர், அவர் இஷ்டம். வேறு இரண்டு பேரிடம் கேட்டேன். அவர்களும் மழையைக் காட்டினார்கள்.

அன்றிலிருந்து காலையில் குடை பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே நான் நிற்க வேண்டியதாயிற்று. "தள்ளி நில்லுங்க, தேங்காய் விழும்" என்று வருகிற ஒவ்வொருவரிடமும் சொன்னேன். சிலர் மேலே பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். சிலர் காதில் மாட்டியதைக் கழற்றவே இல்லை. ஒரு பையன் "அப்பூப்பா, நிங்களுடெ மரம், நிங்கள் பிடிச்சோ" என்று, விழுகிற காயை நானே பிடிக்கச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போனான். திருநெல்வேலிப் பெண்ணும் அங்கேதான் நின்றாள்.

"உனக்குமா சொல்லணும்? நீதானே கம்ப்ளைண்ட் கொடுத்தே?"

"மழைல வேற எங்க நிக்கச் சொல்லுதீங்க? அந்தப் பக்கம் முழங்கால் தண்ணி."

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"அப்பம் மரத்தைத் தள்ளி நிக்கச் சொல்லுங்க தாத்தா."

ஸ்லாப்பில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் குடையைத் தலைக்கு மேல் இன்னும் இறக்கிப் பிடித்துக்கொண்டதையும் பார்த்தேன். நைலான் துணியும் எட்டுக் கம்பியும் தேங்காயை என்ன செய்யும்?

மறுநாள் ஸ்லாப்பைச் சுற்றிக் கயிறு கட்டினேன். பத்தரை மணிக்கு ஓவர்சியர் போன் செய்தார். பொதுவழியில் கயிறு கட்டக் கூடாது, உடனே அவிழ்க்க வேண்டும்.

"மரம் நிற்கலாம், கயிறு நிற்கக் கூடாதா?"

"மரத்தின்றெ காரியம் மட்டும்தான் சாருக்கு எழுதித் தந்தது. வழி சாருக்குத் தந்திட்டில்ல."

கோபத்தில் கயிற்றை அவிழ்த்து மதிலுக்குள் எறிந்தேன். மாநகராட்சி தந்த காகிதத்தை எடுத்து மூன்று முறை வாசித்தேன். மரத்தை வைத்திருக்க எனக்கு உரிமை உண்டு என்றிருந்தது. கீழே நிற்கிறவர்களை விரட்ட உரிமை உண்டு என்று எங்கேயும் இல்லை. அப்படியானால் என் மரத்துக்காக அவர்கள் நனைய வேண்டும், அல்லது அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். யாரும் அதற்கு எனக்குக் கையெழுத்துப் போட்டுத் தரவில்லை.

அப்போதும் நான் மரத்தை விடவில்லை. மழை விடட்டும், ஆள் வரட்டும் என்றிருந்தேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளிக்கிழமை. பறித்து முப்பத்தியாறாவது நாள். எட்டு மணி முப்பத்தொரு நிமிடத்துக்கு வேன் வந்து பதினான்கு பேரை ஏற்றிக்கொண்டு போனது. எட்டு முப்பத்தைந்துக்கு ஒரே குலையிலிருந்து இரண்டு தேங்காய் விழுந்தன. ஒன்று ஸ்லாப்பின் விளிம்பை உடைத்தது. மற்றது நடு ஸ்லாப்பில் விழுந்து, எகிறி, ஹாஸ்டல் கேட் வரை உருண்டது. ஸ்லாப்பில் ஒருவரும் இல்லை. நான் மூன்றடி தள்ளி நின்றேன்.

நோட்டை எடுத்தேன். ஆள்மேல் விழுந்தது என்ற பத்தியில் இன்றைக்கும் பூஜ்யம் போட வேண்டும். கணக்குப்படி அது சரி. நான்கு நிமிடம் என்பதற்கு அந்தத் தாளில் பத்தி இல்லை. பேனாவைத் திறந்தேன். பிறகு எழுதாமலே மூடிவிட்டு, மரம் வெட்டுகிறவர்களின் நம்பரை மனைவியிடம் கேட்டேன். அவள் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள், மூன்று பேர். மழை இல்லை. ஏணி சார்த்தி, கயிறு கட்டி, மேலிருந்து துண்டு துண்டாகப் பதினோரு துண்டு இறக்கினார்கள். ஹாஸ்டல் பெண்கள் மாடியில் நின்று பார்த்தார்கள். திருநெல்வேலிப் பெண் கீழே வந்து, "எல்லாத்தையுமா வெட்டுதீங்க?" என்று கேட்டாள். இளநீர் இருபத்தெட்டு இருந்தது. அதில் ஒன்றை வெட்டி அவளிடம் கொடுக்கச் சொன்னேன். ஸ்ட்ரா இல்லையா என்றாள்.

கடைசித் துண்டு கைதவறி விழுந்ததில் மதில் இரண்டடி இடிந்தது. வெட்டுக்கூலி ஐயாயிரத்து ஐந்நூறு, மதில் கட்ட ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது, மண்டல அலுவலகத்துக்கு மூன்று முறை போய்வந்த ஆட்டோ ஐந்நூற்று நாற்பது. தடியை எடுத்துப் போனவர் எழுநூறு கொடுத்தார். அதைக் கழித்து, எனக்கு ஆன செலவு ஏழாயிரத்து நூற்றுத் தொண்ணூறு ரூபாய்.