அஞ்சல் நிற்காது

சித்தப்பா சொட்டச் சொட்ட நனைந்து ஆரியசாலைக் கடை வாசலில் வந்து நின்ற அந்தக் காலைப்பொழுது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. வேட்டியெல்லாம் பாசி. தோளில் துண்டில்லை. கையில் மட்டும் ஒரு துடுப்பு. அவரோடு கூட வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்த நான் பதறி எழுந்து ஓடினேன். "வள்ளக்காரன் போயிட்டான்டே," என்றார். கடினங்குளத்திலிருந்து எங்கள் கொப்பரையை ஏற்றிக்கொண்டு கால்வாய் வழியாக வள்ளக்கடவுக்கு வந்த வள்ளத்தை, எதிரே வந்த மோட்டார் போட்டு ஒன்று இடித்துக் கவிழ்த்திருந்தது.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் முழுக் கதையையும் சொன்னார். இடித்த வேகத்தில் வள்ளக்காரருக்குத் தலையில் அடி. அப்படியும் அந்த மனிதர், நீச்சல் தெரியாத சித்தப்பாவின் பக்கம் துடுப்பைத் தள்ளிவிட்டு, கவிழ்ந்த வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தாராம். போட்டு நின்று ஒரு கயிற்றை வீசியிருந்தால் போதும், பிழைத்திருப்பார். நிற்கவில்லை. சித்தப்பா தொண்டை கிழியக் கத்தினார். போட்டை ஓட்டிய சிராங்கு திரும்பிப் பார்த்துவிட்டு, "அஞ்சலாக்கும்! நிறுத்த முடியாது!" என்று கூவிக்கொண்டே போய்விட்டார். ஜன்னலோரம் இருந்த பிரயாணிகளும் பார்த்துக்கொண்டே போனார்கள். கரையில் கயிறு திரிக்கிறவர்கள் தண்ணீரில் குதித்து நீந்தி வருவதற்குள் வள்ளக்காரரின் பிடி நழுவிவிட்டது.

அஞ்சல் என்றால் அந்த நாளில் மகாராஜாவின் தபால். சதங்கைக் கோலோடு அஞ்சற்காரன் ஓடிவந்தால் எப்பேர்ப்பட்ட பெரிய மனிதரும் வழிவிட்டு ஒதுங்குவார். அஞ்சல் பை ஏற்றிய மோட்டார் போட்டுகளுக்கும் அந்தத் தோரணை ஒட்டிக்கொண்டது. ஆனால் போட்டு ஓட்டக் கொடுத்த லைசென்சிலேயே நிபந்தனைகள் இருந்தன: விபத்து நேர்ந்தால் நிறுத்த வேண்டும், ஆளைக் கரையேற்ற வேண்டும், அடுத்த போலீஸ் ஸ்டேஷனில் தகவல் சொல்ல வேண்டும். சிராங்கு மூன்றையும் செய்யவில்லை. சாவகாசமாகக் கொல்லம் வரை போய், மறுநாள் திரும்பிவந்து, அஞ்சலுக்கு வழிவிடாமல் குறுக்கே வந்தது வள்ளம்தான் என்று எழுதிக் கொடுத்தார். செத்தவர் எழுந்துவந்து மறுக்கவா போகிறார்? அவ்வளவுதான், வள்ளத்தைப் போலீஸ் எடுத்துக்கொண்டது. பழி அவர் தலையில் நின்றுவிட்டால் வள்ளம் சர்க்காருக்குப் போய்விடும். அவருடைய மகனும் அந்தக் கால்வாயில் தொழில் செய்ய முடியாது. இடித்த போட்டு மறுநாளே ஓடியது. இடிபட்ட வள்ளம் ஸ்டேஷன் வளாகத்தில் வெயிலில் காய்ந்தது. இதற்கு நியாயம் என்று பெயர்!

சித்தப்பா சிராங்கு மேல் புகார் கொடுத்தார். வஞ்சியூர் கோர்ட்டில் விசாரணை நடந்தது. போட்டுக் கம்பெனியின் வக்கீல் அஞ்சலின் அருமை பெருமைகளை அடுக்கினார். நடுவழியில் நின்றால் ராஜ்ய காரியமே கெட்டுப்போகும் என்றார். புகார் கொடுத்தவர் என்ற முறையில் சித்தப்பாவுக்கு மஜிஸ்திரேட் கேள்வி கேட்க அனுமதி தந்தார். சித்தப்பா ஒரே கேள்விதான் கேட்டார். அந்த வழியில் கால்வாய்க் கரையில் காவு என்று சொல்கிற சின்னப் பகவதி கோவில் ஒன்று உண்டு. அஞ்சல் போட்டுகளும் அங்கே கரையணைந்து நிற்கும், பிரயாணிகள் காணிக்கைப் பெட்டியில் காசு போடுவார்கள், பிறகுதான் புறப்படும்.

"எங்களை இடிச்ச அன்னைக்கு, காவு முன்னால போட்டு நின்னுதா?"

சிராங்கு கை இரண்டையும் கூப்பினார். "நில்லாமெ பின்னே! ஒரு நாளும் முடக்கினதில்லை. காணிக்கை இடாமெ நான் அவ்விடம் தாண்ட மாட்டேன்."

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பார். உயிருக்குத் தத்தளித்த மனிதனை விட்டுவிட்டுப் போகத் துணிந்தவருக்கு, பகவதி பேரில் பொய் சொல்லத் துணிவில்லை. வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். சுவரோரம் நின்றிருந்த வள்ளக்காரரின் மனைவி மெல்லக் கேட்டாள்: "அப்போ நிறுத்த முடியும், இல்லியா மொதலாளி?" சித்தப்பாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அஞ்சல் நிற்கவே முடியாது என்ற வாதம் அதோடு விழுந்தது; வள்ளக்காரர் மேல் குற்றமில்லை என்று தீர்ப்பானது. வள்ளம் மகன் கைக்கு வந்தது. சிராங்குக்கு வெறும் எச்சரிக்கை. ஓர் உயிருக்கு ஓர் எச்சரிக்கை! இப்போது சட்டங்கள் இன்னும் தெளிவாக எழுதப்பட்டிருக்கின்றன என்கிறார்கள். இருக்கட்டும். தண்ணீரில் ஒருவன் தத்தளித்தால் நின்று தூக்க வேண்டும் என்பதைச் சட்டம் எழுதித்தான் சொல்ல வேண்டுமா என்று அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. இனி இப்படியொரு கேள்வி வரக்கூடாதல்லவா? சில வாரங்களில் வள்ளக்கடவில் ஒரு பலகை தொங்கியது. அஞ்சல் போட்டுகள் இனிமேல் காவு முன்னால் நிற்காது என்று எழுதியிருந்தது. விபத்தைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. சித்தப்பா அதை இரண்டு தடவை படித்தார்.

"மனுஷனுக்கு நில்லுங்கடேன்னு சொன்னேன். சாமிக்கும் நிக்காண்டாம்னு ஆக்கிட்டானுவளே!"