என் அண்ணனுக்கு ஒட்டிய உடம்பு

“ஏ பிள்ள, அங்கன ரெண்டு நாட்டுக்காரனும் ராக்கெட்டு விட்டுக்கிட்டு நிக்கான். நீ அம்பாசமுத்திரத்துல படிச்ச படிப்ப வச்சி நடுவுல போயி, ஒங்கண்ணன் கையப் பிடிச்சிக் கூட்டியாரப் போறியாக்கும்?”

கேட்டவர் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர். கல்லிடைக்குறிச்சியில் எங்கள் தெருவுக்கே அவர் அண்ணாச்சி. கட்சியில் ஏதோ பொறுப்பு வைத்திருக்கிறார். அந்தப் பொறுப்பின் பெயர் அவருடைய பெயரைவிட நீளம். நான் மனுவை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தேன். அவர் ரயில்வே கேட் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து உலகப் போர்களை நடத்திக்கொண்டிருந்தார்.

“ஆமா அண்ணாச்சி. வரும்போது ஒங்களுக்கும் ஒரு ராக்கெட்டு வாங்கியாறேன்” என்று சொல்லிவிட்டு நடந்தேன். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். அண்ணாச்சியும் சிரித்தார். ஆனால் மறக்கவில்லை.

அந்தக் கடையில் காலையில் காசா, பேப்பர் வந்ததும் உக்ரைன், வடை தீர்ந்த பிறகு சூடான். சூடான் எங்கே இருக்கிறது என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை. அதனால் தீர்ப்புச் சொல்வதற்குத் தடையும் ஏற்படவில்லை. எந்த நாடு எந்தப் பாலத்தை உடைத்திருக்க வேண்டும், எந்தத் தளபதி எங்கே கோட்டை விட்டார் என்பதெல்லாம் தாமிரபரணியில் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வருகிறவருக்குக்கூடத் தெரியும். “நேத்து எம்பது பேரு காலி வே” என்பார் ஒருவர். “இன்னிக்கு நூறு அடிப்பான், பாரும்” என்பார் இன்னொருவர். செத்தவர்களுக்கு அம்மா இருந்திருப்பாள் என்ற செய்தி மட்டும் அந்தப் பேப்பரில் வருவதில்லை போலும்.

எங்கள் குடும்பத்தில் கட்டைவிரலில் மை படாத முதல் ஆள் நான். பெருமைக்காகத்தான் சொல்கிறேன், பெருமைப்பட வேண்டிய விஷயம்தானே. அப்பாவும் அம்மாவும் மேலே மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர்கள். அண்ணன் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டான். நான் கீழே இறங்கி, ஹாஸ்டலில் தங்கி, ஆங்கில இலக்கியத்தில் பட்டம் வாங்கினேன். அப்பா அதைப் பார்த்துவிட்டுத்தான் போனார். பிறகு எஸ்டேட் வேலை முடிந்து, மலையிலிருந்து எல்லோரும் இறங்க வேண்டி வந்தது. அம்மாவுக்குக் கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் தேய்க்கும் வேலை கிடைத்தது. எனக்கு ஒரு டியூஷன் சென்டர். தேயிலைச் செடியைத் தவிர எதையும் பார்க்காத அண்ணனுக்குச் சமவெளியில் கிடைத்தது வெயில் மட்டும்தான்.

அப்போதுதான் ஏஜென்ட் வந்தான். வெளிநாட்டில் காவலாளிக்கு உதவியாள் வேலை, கட்டடத்துக்கு வெளியே நின்றால் போதும் என்றான். எந்த நாடு என்று இங்கே எழுத வேண்டாம் என மனுவைப் பார்த்துக்கொடுத்த வக்கீல் சொல்லியிருக்கிறார். பனி பெய்யும் நாடு, பக்கத்து நாட்டோடு சண்டை நடக்கும் நாடு. சண்டை நடக்கிறதே என்று நான் கேட்டேன். “அது எல்லையிலம்மா. இவன் இருக்கப்போறது டவுனுல” என்றான். குளிருமே என்று அம்மா கேட்டாள். அதற்கும் அவனிடம் பதில் இருந்தது.

“மாஞ்சோலையில பொறந்தவனுக்குக் குளிரா? அங்கன உள்ளது இவனுக்கு வெறும் மார்கழி மாசம்தாம்மா.”

அம்மா சமாதானமாகிவிட்டாள். அண்ணனுக்கோ பெருமை தாங்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக மாஞ்சோலையில் பிறந்தது ஒரு தகுதி ஆகியிருக்கிறது, பின்னே.

போன புதிதில் தினமும் பேசினான். பிறகு வாரத்துக்கு ஒருமுறை. பிறகு ஒரு குரல் பதிவு எனக்கு மட்டும் வந்தது.

“ஏட்டி, அம்மாட்ட சொல்லாத. இங்கன கட்டடமும் இல்ல, காவலும் இல்ல. கையில மம்பட்டியக் குடுத்து சண்டைக்கு முன்னால அனுப்பிட்டானுவ. குழி வெட்டுதோம். அடிபட்டவன இழுத்துட்டு வாறோம். நேபாளத்துப் பையன் ஒருத்தன், கென்யாக்காரன் ஒருத்தன், நான். உலகத்துல உள்ள இல்லாதப்பட்டவன் பூராம் இங்கனதான் குழி வெட்டுதான் போல. அந்த நேபாளத்துப் பையனுக்கு நேத்து கால் போயிட்டு. நீதான் படிச்சிருக்கியே, யாருக்காவது எழுதிப் போடு.”

நீதான் படிச்சிருக்கியே. என் பட்டத்துக்கு அவ்வளவு பெரிய வேலை அதற்கு முன் யாரும் கொடுத்ததில்லை. நான் எழுதினேன். தூதரகத்துக்கு, அமைச்சகத்துக்கு, கண்ணில்பட்ட எல்லா முகவரிக்கும். அதன்பிறகு அண்ணனிடமிருந்து எதுவும் வரவில்லை. அம்மாவிடம் சொல்லத்தான் வேண்டியிருந்தது. சொன்னேன். அவள் அன்றும் அப்பளம் தேய்க்கப் போனாள். வட்டம் மட்டும் வட்டமாக வரவில்லை என்று சூப்பர்வைசர் திட்டினாராம்.

விஷயம் தெருவுக்குத் தெரிந்தது. தெருவுக்குத் தெரிந்தால் அண்ணாச்சிக்குத் தெரிந்ததாகப் பொருள். அண்ணாச்சிக்குத் தெரிந்தால் ஃப்ளெக்ஸ் வைத்தாக வேண்டும். எங்கள் பக்கத்தில் அது ஒரு கடமை. பெண் சடங்கானால் ஃப்ளெக்ஸ், காது குத்தினால் ஃப்ளெக்ஸ், ஒருவர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினால் ஃப்ளெக்ஸ், திரும்பாவிட்டால் கறுப்பு வெள்ளையில் ஃப்ளெக்ஸ். உள்ளாட்சித் தேர்தல் வரப்போகிறது என்று பேச்சு அடிபடும்போது ஒருவன் வெளிநாட்டுப் போரில் மாட்டிக்கொண்டால் சும்மா விடுவார்களா?

ரயில்வே கேட்டில் ஆளுயரத்துக்கு மேல் நின்றது அது. பின்னால் டாங்கி எரிகிறது. மேலே இரண்டு விமானம். நடுவில் ராணுவச் சீருடையில், மார்பு விடைத்து, இரண்டு கையாலும் துப்பாக்கி பிடித்தபடி என் அண்ணன். ‘பகைவரை வென்று திரும்பி வா, எங்கள் மாஞ்சோலைச் சிங்கமே!’ ஓரத்தில் கைகூப்பிய அண்ணாச்சி. அவருடைய தலை அண்ணன் தலையைப்போல இரண்டு மடங்கு.

அம்மா வேலை முடிந்து வரும் வழியில் அதைப் பார்த்துவிட்டாள். நான் போவதற்குள் அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் தெளிந்திருந்தது.

“ஒங்கண்ணன் ஒடம்பு வச்சிருக்காம் பாத்தியா? கையப் பாரு, எம்மாந்தண்டி. நல்லாச் சோறு போடுதாவ போல. நீ என்னமோ குழி வெட்டுதாம்னு சொன்ன.”

அண்ணன் அனுப்பிய படம் என்று நினைத்துவிட்டாள். அது அவன் இல்லை, தலை மட்டும்தான் அவனுடையது, சித்தப்பா மகள் கல்யாணத்தில் எடுத்தது என்று அந்த ரோட்டில் வைத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னேன். அவள் நம்பவில்லை. அந்த உடம்பை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசில்லை.

படம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் ஏறி, அங்கிருந்து எங்கெங்கோ போனது. ஒரு யூடியூப்காரர் ‘உலகப்போரில் நெல்லைத் தமிழன்’ என்று இசை சேர்த்துப் போட்டார். இது எதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, என் மனுவைப் பார்க்கும் அலுவலகத்திலிருந்து கூப்பிடும்வரை. எந்த அலுவலகம், எந்த ஊர் என்பது வேண்டாம். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி மரியாதையானவர்தான். என் ஆங்கிலத்தைப் பாராட்டினார். பிறகு தன் ஃபோனை என் பக்கம் திருப்பினார்.

“நீங்க ஏமாத்திக் கூட்டிட்டுப் போனாங்கனு எழுதியிருக்கீங்க. இவரு துப்பாக்கியோட போஸ் குடுக்குறாரேம்மா?”

“சார், அது ஃப்ளெக்ஸ். ஒட்டினது.”

“எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க.”

ஏமாற்றி அழைத்துச் செல்லப்பட்டவர்களை விடுவிக்கச் சொல்லி இங்கிருந்து கேட்பார்கள். தானாக விரும்பிப் படையில் சேர்ந்தவர்களுக்காகக் கேட்பது கஷ்டம். என் அண்ணனை இரண்டாவது வகையில் வைத்திருந்தார்கள். ஏவுகணை, பீரங்கி, பனி எல்லாவற்றுக்கும் தப்பிப் பிழைத்திருந்தாலும் கல்லிடைக்குறிச்சி ரயில்வே கேட்டில் அவன் சாய்க்கப்பட்டிருந்தான்.

ஃப்ளெக்ஸ் அடித்த கடைக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்: “அந்த ஒடம்பு நெட்டுல கெடக்குதுக்கா. ஆளுக்கு ஏத்த மாதிரி தலைய மாத்துவோம்.”

“இதையே கையெழுத்துப் போட்டுத் தாங்க.”

“அண்ணாச்சி ஆர்டர்க்கா. தேர்தல் சீசன் வேற. என் பொழப்புல மண்ணப் போட்டுராதீங்க.”

திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. டீக்கடைக்குள் ஒதுங்கினேன். வெளியே நீட்டிக் கட்டியிருந்த பழைய ஃப்ளெக்ஸ் மழையில் தொய்ந்து, தண்ணீர் கட்டி நின்றது. எங்கள் ஊரில் எந்த ஃப்ளெக்ஸும் சாவதில்லை. மாட்டுக்கொட்டகைக்கோ வைக்கோல் போருக்கோ கூரையாகிவிடும். சும்மா அண்ணாந்து பார்த்தேன். அதே சீருடை. அதே மார்பு. அதே துப்பாக்கி, அதே விரல்கள். கழுத்துக்கு மேலே மீசையும் கூலிங்கிளாஸுமாக அண்ணாச்சி. ‘எங்கள் போர்ப்படைத் தளபதிக்கு ஐம்பத்தோராவது பிறந்தநாள் வாழ்த்து.’

இவ்வளவு நாளும் உலகப் போர்களை நடத்தியவர் அந்த உடம்புக்கு அடியில் உட்கார்ந்துதான் நடத்தியிருக்கிறார். அன்றும் அங்கேதான் இருந்தார்.

“அண்ணாச்சி, இது நீங்கதானே?”

மேலே பார்த்தார். முகம் மாறிவிட்டது. “அது பையங்க ஆசைக்குப் போட்டது பிள்ள.”

“எங்கண்ணனுக்கும் இதே ஒடம்பத்தான் குடுத்திருக்கீங்க.”

கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார். பெஞ்சில் இருந்த ஒருவர், “ஓய், ஒமக்கு இப்பிடி ஒரு ஒடம்பு இருக்குன்னு சொல்லவே இல்லியே வே” என்றார். கடை முழுக்கச் சிரிப்பு. அண்ணாச்சி இந்தத் தடவை சிரிக்கவில்லை.

“பைய பேசு பிள்ள. உள்ள வா, பேசிக்கிடுவோம்.”

நான் பைய பேசவில்லை. இந்தப் பழைய ஃப்ளெக்ஸ் எனக்கு வேண்டும். இரண்டும் தன்னுடைய கடையில் அடித்ததுதான், தலையை மட்டும் மாற்றியிருக்கிறது என்று ஃப்ளெக்ஸ் கடைக்காரர் நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். நீங்களும் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றேன்.

“தேர்தல் நேரத்துல எம்பேரக் கெடுக்காத. வேணும்னா ஒங்கண்ணனுக்கு வேற படம் போட்டு, பெருசா ஒண்ணு அடிச்சி வைக்கேன்.”

“வேண்டாம் அண்ணாச்சி. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல கேட்டுல நானே கட்டுதேன். எவன் வேணும்னாலும் பாத்துக்கிடட்டும், ஒரே தளபதிக்கு ரெண்டு தலன்னு.”

ஒரு போர்ப்படைத் தளபதி எவ்வளவு சீக்கிரம் நோட்டரி ஆபீஸ் வாசலில் நிற்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. ஃப்ளெக்ஸ் கடைக்காரரை அடுத்துத் தானும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடும்போது, “ஒங்கண்ணன் வந்துட்டாம்னா, நானும் முயற்சி எடுத்தேன்னு ஒரு வார்த்த சொல்லீரு” என்றார். சொல்கிறேன் என்றேன். சொல்லியும்விட்டேன், இதோ.

இரண்டு ஃப்ளெக்ஸையும் சுருட்டிக்கொண்டு அதே அதிகாரியைப் பார்த்தேன். தரையில் விரித்துக் காட்டினேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, ஒரு தலையையும் இன்னொரு தலையையும் மாறி மாறிப் பார்த்தார். வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தார். பக்கத்து அறையிலிருந்தும் ஆள் வந்து பார்த்தார்கள். சிரிக்கட்டும் என்று நின்றேன். சிரிப்பு முடிந்ததும் அண்ணனை முதல் வகைக்கு மாற்றப் பரிந்துரை எழுதினார்.

எழுதிய தாளை மடித்து உறையில் போட்டார். பிறகு, “இத எடுத்துட்டு டெல்லியில அந்த நாட்டுத் தூதரகத்துக்கு நேர்ல போங்க. அம்மாவையும் கூட்டிட்டுப் போயிடுங்க” என்றார்.

“எதுக்கு சார்?”

அடையாளம் தெரியாத உடல்கள் சிலவற்றை அந்த நாடு ஒப்படைக்கப் போகிறதாம். காணாமல் போனவர்களின் பெற்றோர் ரத்தம் கொடுத்துவைத்தால் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும். ஒரே பயணத்தில் இரண்டு வேலையும் முடிந்துவிடும் என்றார். உயிரோடு இருந்தால் விடச்சொல்லி மனு, இல்லையென்றால் ரத்தம். அவர் கெட்ட மனிதர் இல்லை. நடைமுறையைத்தான் சொன்னார்.

அம்மாவிடம் எதையும் மறைக்கவில்லை. இரண்டு ஃப்ளெக்ஸையும் வீட்டுத் தரையில் விரித்து, தலை மாறிய விதத்தைக் காட்டினேன். அண்ணாச்சியின் கழுத்தையும் அண்ணனின் கழுத்தையும் விரலால் தடவிப் பார்த்தாள். “அப்பம் இது எம்மவன் ஒடம்பு இல்ல” என்றாள். இல்லை என்றேன். ரத்தம் எதற்கு என்பதையும் சொன்னேன். அவள் ஃப்ளெக்ஸைச் சுருட்டிக்கொண்டே, “எங்க ரெண்டுபேருக்கும் ஒரே ரத்தம்தானே, அது பொய் சொல்லாதுல்லா?” என்று கேட்டாள். சொல்லாது என்றேன்.

கென்யாக்காரன் வீட்டை இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை. நேபாளத்துப் பையனின் அக்காவோடு ஆங்கிலத்தில் எழுதிப் பேசுகிறேன். அவளும் அவர்கள் வீட்டில் முதலில் படித்தவள். தம்பிக்காக அவளும் டெல்லிக்கு, அதே தூதரகத்துக்கு வருகிறாள். மூன்று பேரும் ஒன்றாகத்தான் உள்ளே போவோம் என்று முடிவு செய்திருக்கிறோம்.

திருநெல்வேலியில் ஏறினோம். அம்மா கீழ் பெர்த்தில் மாஞ்சோலைக் காலத்து ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு தூங்குகிறாள். ரயில் நாக்பூர் தாண்டிவிட்டது.